மூன்றாம் விதியும் பத்துப் பிள்ளைகளும்

விழா நடத்துகிறவனுக்குக் கடைசிவரை பிடிபடாத சங்கதி ஒன்று உண்டு: எதிரே நாற்காலியில் இருப்பவர்கள் விழாவுக்கு வந்தவர்களா, நாற்காலிக்கு வந்தவர்களா என்பது. ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளராக மாட்டிக்கொண்டு, சிறப்பு விருந்தினரின் வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று போனில் கேட்டுக் கேட்டே தொண்டை வறண்டவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்களுக்கு என் அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் வடமாலபேட்டைக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வேலைக்கு மனுப் போட இங்கிலீஷ். ஆடியில் கங்கையம்மன் திருவிழா மூன்று நாள் நடக்கும். முதல் நாள் சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை தமிழ்ப் பாட்டரங்கம். ஊர்ப் பிள்ளைகள் மேடையேறித் தமிழில் ஒரு பாட்டோ கவிதையோ சொல்வார்கள். ஊர்த் தமிழ்ச் சங்கச் செயலாளராகப் பதினெட்டு வருடமாக இதை நான்தான் நடத்துகிறேன். பகலில் திருப்பதியில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து அறைச் சாவி கொடுப்பது என் பிழைப்பு.

பாட்டரங்கத்துக்கு மூன்று விதிகள். எழுதியவன் நானே. ஒன்று, பாடுகிறவருக்கு வயது பதினைந்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு, சினிமாப் பாட்டு கூடாது. மூன்று, தாளைப் பார்த்துப் பாடுவதானால் தாளில் தமிழ் எழுத்துத்தான் இருக்க வேண்டும். தெலுங்கு எழுத்தில் தமிழை எழுதி வைத்துப் பாடக் கூடாது. இந்த மூன்றாவதை எழுதும்போது எனக்கு முப்பத்தாறு வயது. தெலுங்கு எழுத்தில் தமிழைப் படிப்பது இரவல் சட்டையில் சொந்தக் கல்யாணத்துக்குப் போவது மாதிரி என்று மேடையில் பேசிக் கைதட்டலும் வாங்கினேன். இன்றைக்கு ஐம்பத்து நான்கு. அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் கேட்கச் சுகமாக இல்லை.

கோவில் மண்டபத்தில்

திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு கமிட்டி கூடியது. தலைவர் முனிரத்தினம், சிமெண்டுக் கடைக்காரர், என் வயதுக்காரர். கையிலிருந்த போனில் ஒரு டான்ஸ் குரூப்பின் ஆட்டத்தை ஓடவிட்டு எல்லாருக்கும் சுற்றில் அனுப்பினார். போன் என் கைக்கு வந்தபோது படம் முடிந்திருந்தது.

"போன வருசம் எத்தினி பேரு பாடினாங்க செக்ரட்டரி?" என்றார்.

"ஏழு."

"அதுக்கு முந்தின வருசம்?"

"ஒம்போது."

"அப்போ இந்த வருசம் அஞ்சு. அதுக்கு அப்பால நீயும் நானும்தான் ஏறிப் பாடணும்." மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்தேன். முனிரத்தினம் கெட்டவர் இல்லை. தூக்கத்தில்கூட அவர் தமிழில்தான் திட்டுவார் என்று அவர் வீட்டம்மாவே சொல்லியிருக்கிறார். ஆனால் மேடையின் இரண்டு மணி நேரம் வீணாகிறது என்று இளவட்டங்கள் அவரை நெருக்குகிறார்கள். முடிவாக ஒரு நிபந்தனை போட்டார். இந்த ஆடியில் பத்துப் பிள்ளைகள் மேடையேற வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடத்திலிருந்து அந்த நேரம் டான்ஸ் குரூப்புக்கு. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாட வாணாம்னு நான் சொல்லல. ஆளு கீதுன்னு காட்டு, பாடிக்கோ. அந்தே, அவ்ளோதான்!"

அறை எண் இருநூற்று நான்கு

லாட்ஜ் மேசையில் வருகைப் பதிவேட்டுக்கு அடியில் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை வைத்திருந்தேன். நிபந்தனைக்குப் பிறகு ஒரு வாரத்தில் ஆறு பெயர்கள். வேலைக்கு நடுவே அதை உருவி உருவிப் பார்ப்பது ஒரு வியாதி மாதிரி ஆகிவிட்டது. பார்ப்பதால் ஆறு ஏழாகாது என்று தெரியும்.

ஒரு மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, பத்து வயதுப் பெண். அப்பா என் பட்டியலைத் தலைகீழாகவே படித்துவிட்டு, "கையெழுத்து அழகா இருக்கே சார். ஆந்திராவுல இருந்துக்கிட்டுத் தமிழ் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார். நான் தமிழன்தான் என்றேன். எந்த ஊர்ப் பக்கம் என்றார். இந்த ஊர்ப் பக்கம்தான் என்றேன். ஏதோ ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். பத்து அடி தள்ளி டீக்கடையில் என்னை அரவவாடு என்பார்கள், தமிழ்க்காரன் என்று. மேசைக்கு இந்தப் பக்கம் ஆந்திராக்காரன். இருநூற்று நான்காம் அறைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எந்த அறையில் இருக்கிறேன் என்று ஒரு நிமிடம் எனக்கே தெரியவில்லை.

பேச்சை மாற்ற அந்தப் பெண்ணிடம் பட்டியலைத் திருப்பி வைத்து, "இந்தப் பேரெல்லாம் படி பார்க்கலாம்" என்றேன். அது அம்மாவின் பின்னால் ஒதுங்கியது. அப்பா கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

"இவளுக்கு ஸ்கூல்ல செகண்ட் லாங்வேஜ் இந்தி சார். பேசுவா, எழுத்துதான் தெரியாது. அதனால என்ன, தமிழ் எங்க போயிடப் போகுது?"

கலா கேட்டது

என் மனைவி சரோஜா வீட்டில் ரவிக்கை தைக்கிறாள். அதனால் ஊரில் பாதிப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மனைவி கலா அளவு கொடுக்க வந்திருந்தாள். பதினோரு வயதில் யஷ்வந்த் என்று ஒரு மகன், ஏழு வயதில் பவ்யா என்று ஒரு மகள். நான் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தேன்.

"பையன் வருவான் மாமா. பாப்பா வாணாம், அது பயப்படும்" என்றாள். ஏழாவது பெயரை எழுதினேன். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எல்லாரு ஊட்டுக்கும் போய்க் கேட்டுக்கினு கீறியே மாமா, உம் புள்ளய இன்னாத்துக்கு அன்னிக்கு எறக்கி உட்ட?"

தையல் மிஷின் நின்றது. சரோஜா தலை தூக்கவில்லை. ஊசியில் நூல் கோர்ப்பது போல இருந்தாள். சுவரில் ஆணியில் காகிதத்தில் வெட்டிய கழுத்து அளவுகள் தொங்கின. ஒன்றில் என் கையெழுத்து, பாதிப் பாட்டோடு. பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் பாட்டு நகலில் மிச்சமானது என்று நினைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கலாவின் முகத்தைப் பார்ப்பதற்கு அது சுலபமாக இருந்தது.

நடந்தது இதுதான். பதினைந்து வருடம் முன்பு என் மகன் தினேஷுக்கு ஒன்பது வயது. நான் எழுதிய மழைப் பாட்டு ஒன்றைப் பாட மேடையேறினான். பையிலிருந்து தாளை எடுத்தான். தெலுங்கு எழுத்து. பள்ளியில் அவனுக்குத் தெரிந்த எழுத்து அதுதான். அந்தப் பள்ளியில் சேர்த்தவன் நான்தான். வீட்டில் தமிழ் எழுத்துச் சொல்லித்தர நேரமில்லாமல் சங்க வேலையாக அலைந்தவனும் நான்தான். மைக்கிலேயே மூன்றாம் விதியைச் சொல்லி, "இறங்குப்பா" என்றேன். ஊரே கைதட்டியது. செயலாளர் என்றால் இப்படி நேர்மையாக இருக்க வேண்டும் என்றார்கள். அதன் பிறகு தினேஷ் மேடையேறவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான்.

இதில் பாதியைக் கலாவிடம் சொன்னேன். அவள் அன்றைக்குப் பதினைந்து வயதுப் பெண்ணாகக் கூட்டத்தில் இருந்தவள். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னாள்:

"தேம்பிக்கினு எறங்கிச்சு மாமா அது. எம் புள்ளய மட்டும் அப்படி எறக்கினா, நானே மேடைக்கு வந்துடுவேன், சொல்ட்டேன்."

சத்தியம் செய்தவர்

அடுத்த தெருவில் இரண்டு பிள்ளைகள் கிடைத்தார்கள். ஒன்பது. மீதி இருந்த ஒரே நம்பிக்கை வாடகைக் கார் ஓட்டும் செல்வம். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டுக்கும் கணீரென்ற குரல். "கண்டிப்பா வரும்ணா" என்றான். செல்வத்தின் கண்டிப்பை ஊர் அறியும். என் முகத்தைப் பார்த்து அவனே சொன்னான்: "நம்பலியா? வா, காணிப்பாக்கம் போலாம். கொளத்துல முழுகிச் சத்தியம் பண்றேன்." எங்கள் பக்கத்தில் இது கடைசி வார்த்தை. காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் ஈரத் துணியோடு பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. சத்தியம் வேண்டாம், பிள்ளைகளை அனுப்பு போதும் என்று பதினொன்றுவரை எழுதினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். ஒரு மாதத்தில் அந்த ஒரு நாள்தான்.

திருவிழா அன்று மத்தியானம் இரண்டரை மணி. மேடைக்கு வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். செல்வத்தின் வீடு பூட்டிக் கிடந்தது. போன் செய்தேன். பின்னால் மணிச் சத்தம் கேட்டது.

"கோச்சுக்காதண்ணா. காலைல திடீர்னு ஒரு டிரிப்பு. திருப்பதியிலேர்ந்து காணிப்பாக்கம். வண்டில எடம் இருந்திச்சு, ஊட்டுல எல்லாத்தையும் இட்டுக்கினு வந்துட்டேன்."

"டேய், சத்தியம் பண்றேன்னு சொன்னியேடா!" என்று கத்தினேன். வாழை மரம் கட்டுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதான் எடத்துக்கே வந்துட்டேனேண்ணா! இப்போ இன்னான்னு சத்தியம் பண்ணணும் சொல்லு, பண்றேன்."

மைக் செட்காரரின் கவலை

ஒன்பது. பத்தாவதுக்காக நாலு தெரு சுற்றினேன். ஒரு வீட்டில் பையனுக்குக் காய்ச்சல். ஒரு வீட்டில் ட்யூஷன், திருவிழா அன்றும். ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மா என்னைப் பார்த்ததும் தெலுங்கில் பேச ஆரம்பித்தார். முப்பது வருடமாக என்னிடம் தமிழில் பேசியவர். தெலுங்கில் 'இல்லை' என்று சொல்வது சுலபம் போலிருக்கிறது.

ஐந்து மணிக்கு வியர்வையோடு மேடைக்கு வந்தபோது புத்தூரிலிருந்து வந்த மைக் செட் பாஷா காத்திருந்தார். "பாட்டு எதுல சார் கீது? பென்டிரைவா, போனா?" என்றார். பிள்ளைகள் வாயாலேயே பாடுவார்கள், பின்னணி எதுவும் இல்லை என்றேன். தாளும் இல்லையா என்றார். இல்லை, எங்கள் பிள்ளைகள் வெறும் கையோடுதான் வருவார்கள் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஒவ்வொரு வருடமும் பாட்டுகளைத் தமிழில் எழுதி நகலெடுத்து எல்லா வீட்டுக்கும் கொடுப்பேன். பிள்ளைகள் அதை வாசித்து மனப்பாடம் செய்துகொண்டு வருவதை என் பதினெட்டு வருட உழைப்புக்குச் சான்றாக எண்ணியிருந்தேன். பாஷா மைக்கை ஊதிப் பார்த்துவிட்டு, அனுபவப்பட்டவர் குரலில் சொன்னார்:

"வாய்ல கீறது பயந்தா வராது சார். பென்டிரைவு பயப்படாது."

விரல்விட்டு எண்ணியவர்

ஆறு மணிக்குத் தொடங்கவில்லை. ஆறேகால் ஆக்கினேன், ஆறரை ஆக்கினேன். இதைப் படிக்கும் செயலாளர்களே, நாம் ஏன் தாமதிக்கிறோம் என்று கூட்டத்துக்குத் தெரியாது என்று நினைக்கிறோம். தெரியும். முனிரத்தினம் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளை இறங்கும்போதும் ஒரு விரலை மடக்கினார். அவர் கையைப் பார்க்காமல் பேச முயன்றேன். முடியவில்லை.

யஷ்வந்த் ஐந்தாவது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். கூட்டம் உச்சுக் கொட்டியது. நான் பக்கத்திலிருந்து அடியெடுத்துக் கொடுத்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டத்துக்குப் பின்னால், பெண்கள் பக்கம், சரோஜா நின்ற இடத்தைப் பார்த்தான். உடனே பிடித்துக்கொண்டு முடித்துவிட்டான். அவள் உதடு அசைந்த மாதிரி இருந்தது. எனக்கு அப்போது அதை யோசிக்க இடமில்லை.

ஒன்பதாவது பிள்ளை இறங்கியது. மைக் முன்னால் நான் மட்டும் நின்றேன். சங்கத்தின் வரலாற்றைச் சொன்னேன். நன்கொடையாளர்களுக்கு நன்றி சொன்னேன். குடிநீர் வைத்தவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னேன். முனிரத்தினம் ஒன்பது விரல் மடங்கிய கைகளைத் தூக்கிக் காட்டினார். நீட்டிக்கொண்டிருந்தது ஒரு கட்டை விரல்.

"போதும் செக்ரட்டரி, தண்ணி வச்சவனே அழுதுடுவான். டான்ஸ் குரூப்புக்குப் போன் பண்ணட்டா?"

தாள்

அப்போது சரோஜா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பதினெட்டு வருடத்தில் அவள் மேடைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் பவ்யா. பின்னால் கலா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. "பேரு எழுதிக்கோங்க. பவ்யா. ஏழு வயசு" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குழந்தையை மேடையில் ஏற்றிவிட்டாள்.

பவ்யா மைக் முன்னால் வந்து நின்றது. பாவாடைச் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தது. மேலிருந்து பார்த்தேன். உருண்டை உருண்டையாகத் தெலுங்கு எழுத்து. ஊதாப் பேனா. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு அளவு நோட்டில் தோள் பதினாலு, கை ஒன்பது என்று தெலுங்கில் எழுதியிருக்கும் அதே கை. சரோஜாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அவள் படித்தது தெலுங்குப் பள்ளியில்.

முனிரத்தினம் எழுந்துவிட்டார். முதல் வரிசையிலிருந்தே எழுத்துத் தெரிந்திருக்கிறது. "மூணாவது ரூல் இன்னா செக்ரட்டரி? மைக்ல சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்." பின்னாலிருந்து யாரோ, "சொந்தப் புள்ளயயே எறக்கினவருப்பா!" என்றார். அது புகழ்ச்சியா, குத்தலா, இன்றுவரை தெரியவில்லை. கலா மேடைப் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால், அந்தத் தாளை. அது ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. இரண்டு கையாலும் பிடித்தும் ஆடியது. அந்த ஆட்டத்தில் எழுத்து குழந்தையின் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

விதியைச் சொல்லவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்தேன். ஒரு கையால் மைக்கைக் கழற்றி அதன் வாய்க்கு நேரே வைத்தேன். இன்னொரு கையால் தாளை வாங்கி அதன் கண்ணுக்கு நேரே பிடித்தேன். பவ்யாவுக்காகப் பிடித்தேனா, பத்து என்ற எண்ணுக்காகப் பிடித்தேனா என்று நீங்கள் கேட்கலாம். நானும் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். குழந்தை பாடியது:

*மலையேறும் மேகமே, மழைக்கு வாயேன்,*
*மாந்தோப்பு காஞ்சிருக்கு, பார்த்துப் போயேன்,*
*குளமெல்லாம் வெடிச்சிருக்கு, கூப்பிட வந்தேன்,*
*குடமொண்ணு கொண்டாந்தேன், நெறச்சுப் போயேன்.*

தினேஷ் பாடாமல் இறங்கிய பாட்டு. முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தாளை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் கைதட்டல் வந்தது. பதினைந்து வருடம் முன்பு கேட்ட அளவுக்கு இல்லை. முனிரத்தினம் நின்றபடியே கட்டை விரலை மடக்கினார்.

"பத்து ஆச்சு, போ. ஆனா வர்ற வருசம் அந்த ரூல மாத்தி எழுதிக்கினு வா. தெலுங்குல எழுது, அப்பதான் ஊர்ல எல்லாரும் படிப்பாங்க."

கழுத்து அளவு

மறுநாள் காலையில் மிஷின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "எத்தனை வருஷமா?" என்று மட்டும் கேட்டேன்.

"அவன் எறங்கினதுலேர்ந்து" என்றாள். மிஷினை நிறுத்தவில்லை. சத்தத்துக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் வீட்டில் ஓயாமல் முணுமுணுக்கும் பாட்டுகளைக் காதால் கேட்டே தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொள்வாளாம். ரவிக்கை வாங்க வரும் அம்மாக்களிடம் ரவிக்கைப் பையில் போட்டுக் கொடுப்பாளாம். பிள்ளைகள் படித்து மனப்பாடம் செய்துவிட்டு, தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்பது கட்டளை. வெறும் கையோடு வந்த அத்தனை பிள்ளைகளும், நான் மாலை போட்டுப் பரிசு கொடுத்த அத்தனை பேரும் அப்படித்தான். திருவிழா அன்று, செல்வம் கைவிட்டது தெரிந்து, நாலு மணிக்குத்தான் பவ்யாவுக்குப் பாட்டை எழுதிக் கொடுத்ததால் மனப்பாடம் ஆகவில்லை. வேறு வழியில்லாமல் தாளோடு ஏற்றினாள்.

"விதி தெரிஞ்சுமா?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"விதில இன்னா கீது? தாளப் பாத்துப் பாடினா தமிழ் எழுத்து இருக்கணும். யாரு பாத்தாங்க? மனப்பாடமாத்தான பாடினாங்க" என்றாள். பதினைந்து வருடமாக என் விதியை என்னைவிடக் கவனமாகப் படித்தவள், தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத அவள்தான்.

அப்படியானால் நான் வருடா வருடம் வீடு வீடாகக் கொடுத்த தமிழ் நகல்கள் என்ன ஆயின என்று கேட்டேன். அம்மாக்கள் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்களாம். சரோஜா கத்தரிக்கோல் நுனியால் சுவரைக் காட்டினாள். ஆணியில் என் பாட்டுகள் வட்டக் கழுத்தாகவும் சதுரக் கழுத்தாகவும் தொங்கின.

"கெட்டித் தாளுங்க. கழுத்துக்கு நல்லா நிக்குது."

பெங்களூர் போன்

அன்று மத்தியானம் லாட்ஜ் மேசையிலிருந்து தினேஷுக்குப் போன் செய்தேன். நாங்கள் பேசுவது வழக்கமாக மூன்று வாக்கியம்: சாப்பிட்டியா, அம்மா கிட்ட குடுக்கட்டா, வச்சிடறேன். அன்றைக்குத் திருவிழாவைச் சொன்னேன். பத்துப் பேர் ஆனதைச் சொன்னேன். பவ்யா என்ன பாடியது என்று கேட்டான். "மழைப் பாட்டு" என்றேன். லைன் போய்விட்டதோ என்று "ஹலோ" என்றேன்.

"கீறேன் நைனா. தாளு தெலுங்கா?"

"ஆமா."

"யாரு பிடிச்சிக்கினாங்க?"

"நான்தான்" என்றேன். அதை அவனிடம் சொல்லத்தான் போன் செய்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கும் வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. பாஷா சொன்னது சரி. எதிரே ஒருவர் சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். தினேஷ் கோபமாகப் பேசவில்லை. ரொம்ப நாளாக எடுத்துவைத்திருந்த ஒன்றைக் கொடுக்கிறவன் மாதிரி மெதுவாகச் சொன்னான்:

"அன்னிக்கு நீ தாளதான் பாத்த நைனா. என் கை நடுங்கிக்கினு இருந்ததப் பாக்கல."

இப்போது அடுத்த ஆடிக்கான அறிவிப்பை இரண்டு எழுத்திலும் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் விதி அதில் இல்லை. தெலுங்குப் பக்கத்தைச் சரோஜா திருத்தித் தருகிறாள். பதினெட்டு வருடமாக நான் தமிழை மேடையில் நிறுத்திக் காவல் காத்துக்கொண்டிருக்க, அது பாட்டுக்கு ரவிக்கைப் பையில் ஏறி வீடு வீடாகப் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.